உள்ளங்கையில் காயமில்லை

பெயரைப் பார்த்ததுமே அவன் அந்த சார்ட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

ர. இதழினி. வயது எட்டு. பெண்.

அந்த 'ர' அவனுடையது. அவன் பெற்ற பிள்ளை.

நோயாளியின் சார்ட்டில் டாக்டர் எழுதிய காயங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவன் வேலை. எதில் மோதியது என்பதற்கு ஓர் எண். ஓட்டியவருக்கு ஒன்று, கூட வந்தவருக்கு வேறொன்று. தெரிந்தவர்கள் சார்ட் வந்தால் தொடக் கூடாது. மருத்துவமனையின் கோடிங் பிரிவில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆறு வருஷமாக அவன் அதை மீறியதில்லை.

திறந்தான்.

மின்சார ஸ்கூட்டரும் ஆட்டோவும் மோதியிருக்கின்றன. நேற்று மாலை ஐந்தே முக்கால். தென்னூர் மேம்பாலத்துக்குக் கீழே. குழந்தை முன்னால் நின்றுகொண்டு வந்திருக்கிறது. வலது முழங்காலில் சிராய்ப்பு. வேறு அடி இல்லை.

அவனுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அடுத்த வரியைப் படித்தான்.

அழைத்து வந்தவர்: மதியழகன். உறவு: அப்பா.

அப்பாவாம்.

சுகிர்தா இவனை விட்டுப் போய் மூன்று வருஷம். மதியழகனைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம். அதற்குள் அப்பா. யார் சொல்லி எழுதினார்கள்? அந்த ஆள்தான் கூச்சமில்லாமல் சொல்லியிருப்பான்.

பிள்ளையே சொல்லியிருந்தால்?



ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். ஒரு பூங்கா, ஒரு ஐஸ்கிரீம். கோர்ட் அவனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். மிச்ச வாரமெல்லாம் அந்த ஆளுக்கு. வீட்டுப்பாடம், சளி, காய்ச்சல், பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழி, எல்லாம்.

போன ஞாயிறு அந்த ஸ்கூட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தாள். சத்தமே வராதாம். முன்னால் நின்றால் பறக்கிற மாதிரி இருக்குமாம். இவன் பைக்கில் ஏறும்போது பெட்ரோல் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இரவு அவன் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை வாய்தா. பிள்ளையைத் தன்னிடமே கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கையில் ஒன்றுமே இல்லாமல் எதை வைத்துப் பேசுவது என்று வக்கீல் சலித்துக்கொண்டிருந்தார்.

இதோ.

ஹெல்மெட்: குழந்தை அணியவில்லை.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

போனையும் பேப்பரையும் வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் இந்த அறைக்குள் வர முடியும். அதனால் மனப்பாடம் செய்தான். ஐந்தே முக்கால். முன்னால் நிற்க வைத்து. ஹெல்மெட் இல்லை.

ஒரே விபத்து என்பதால் அந்த ஆளின் சார்ட்டும் வரிசையில் அடுத்ததாக நின்றது. அதையும் திறந்தான். நன்றாக அடிபட்டிருக்கட்டும் என்றிருந்தது.

அடிபட்டிருந்தது.

இடது தோளில் எலும்பு முறிவு. முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் போயிருக்கிறது. இரண்டு முழங்கைகளிலும் வெளிப்பக்கம் தையல்.

உள்ளங்கைகள்: காயமில்லை.

மணிக்கட்டுகள்: காயமில்லை.

அவன் அந்த இரண்டு வரிகளையும் மறுபடியும் படித்தான்.

வண்டியிலிருந்து விழுந்தவர்களின் சார்ட் ஆயிரம் பார்த்திருப்பான். விழுகிறவன் கையை ஊன்றுவான். நல்லவன், கெட்டவன், குடித்தவன், எல்லாரும் ஊன்றுவார்கள். உள்ளங்கை உரியும், மணிக்கட்டு முறியும். டாக்டர் எழுத மறந்திருந்தால், கையைப் பார்த்தீர்களா என்று இவன்தான் கேட்டு அனுப்புவான்.

இங்கே டாக்டர் மறக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

இந்த ஆள் ஊன்றவில்லை. அந்த நேரத்தில் கை இரண்டும் வேறெங்கோ இருந்திருக்கின்றன.

எங்கே என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ மோதிக் கீழே விழுந்த பிள்ளைக்கு ஒரே ஒரு சிராய்ப்பு.

கூடவே நர்ஸின் குறிப்பு வேறு: தையல் போட்டு முடியும்வரை குழந்தை இவர் சட்டையை விடவில்லை.

சுகிர்தாவின் கல்யாணப் படத்தை யாரோ அனுப்பியபோதுகூட அவன் இப்படிப் பொறாமைப்பட்டதில்லை. அந்தத் தோள், அந்த முதுகு, அந்தத் தையல்கூடத் தனக்கு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"என்ன தம்பி, அரைமணி நேரமா இதுலயே உட்கார்ந்திருக்கீங்க?"

டீம் லீடர் பர்வீன் பின்னால் நின்றிருந்தார். போன வாரம்தான் இந்தப் பிரிவுக்கு வந்தவர். அவன் வீட்டுக் கதை எதுவும் தெரியாது.

"தெரிஞ்சவங்க சார்ட், அக்கா. இப்பதான் கவனிச்சேன்," என்று பொய் சொன்னான்.

"அப்ப விட்டுடுங்க. நான் வேற ஆளுக்கு மாத்திடறேன்."

குனிந்து மவுஸை வாங்கிக்கொண்டார். மாற்றுவதற்கு முன் குழந்தையின் சார்ட்டையும் திறந்து கடைசிவரை நகர்த்திப் பார்த்தார். அவன் ஹெல்மெட்டோடு நிறுத்திவிட்டிருந்தான். அதற்குக் கீழே போகவில்லை.

"தாடையில பழைய தழும்பு ஒண்ணு இருக்காம். மூணு வயசுல பைக்ல இருந்து விழுந்ததாம், அஞ்சு தையல்." பர்வீன் உச்சுக்கொட்டினார். "பாவம். அப்ப யாரு கூட்டிட்டுப் போனாங்களோ."



ஐந்து வருஷத்துக்கு முன்னால் பால்பண்ணை ரோட்டில் மணல் கொட்டிக் கிடந்தது. அவன் ஓட்டிய பைக் சறுக்கிவிட்டது. அவனுக்கு இரண்டு உள்ளங்கையும் உரிந்து, பத்து நாள் சுகிர்தாதான் சோறு ஊட்டிவிட்டாள்.