முதல் விலை

மைக்கைப் பிடித்தபடி யாகப்பு வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. கல்லறைகளுக்கு அப்பால், சேமக்காலை மதிலுக்கு மேலால் சாய்கிற வெயில் பெனடிற்றின் சவப்பெட்டியில் உள்ள பித்தளைப் பிடியில் பட்டு அவருடைய கண்ணைக் கூசவைக்கிறது. குருநகர்க் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் அவர். அந்தக் குரல் எழும்பினால் இறங்குதுறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதனால்தான், சிநேகிதனைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னதும் யோசிக்காமல் ஓம் என்றார். "என்ன கதைக்கிறதெண்டு ஒருக்கா யோசிச்சு வையுங்கோ அப்பா" என்று காலையில் மகள் மேர்சி சொன்னபோது, "கதைக்கிறதுக்கு எனக்கு ஆயத்தமோ, பிள்ளை?" என்று சிரித்துக்கொண்டே சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். இப்போது சனம் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெனடிற்றின் மனுசி லூர்த்தம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருக்கிறார். ஸ்பீக்கர் மெல்ல இரைகிறது. "பெனடிற்..." என்கிறார் யாகப்பு. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கரையில் இப்படி நடக்காது. அவர் மீனின் பெயரைச் சொன்னால் போதும். ஒருவன் விலை கேட்பான், மற்றவன் ஏற்றுவான். அந்தச் சத்தங்களைப் பிடித்துப் பிடித்துத்தான் அவருடைய வாய் இத்தனை வருசமும் ஓடியிருக்கிறது. கூட்டத்தின் பின்னாலிருந்து முதல் விலை கேட்கிறவன் எப்போதும் பெனடிற்தான். பழக்கத்தில் யாகப்புவின் கண் பின்பக்கம் போகிறது. அங்கே மதில் கேற்று மட்டும் திறந்து கிடக்கிறது. அவர் பெட்டிப் பக்கம் குனிகிறார். கையில் மைக் இருப்பது மறந்துபோகிறது. "நீ தொடங்கன், மச்சான்" என்று அவர் முணுமுணுப்பது சேமக்காலை முழுக்கக் கேட்கிறது.