காரணம் என்ற கட்டம்

“மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னா, யாரு தப்பு பண்ணாங்கன்னு கடவுளுக்கு எப்படிம்மா தெரியும்?”

மகள் போன வருடம் கேட்ட கேள்வி. மதலேனா அவள் வாயில் ஒரு கவளம் சோற்றை ஊட்டிப் பேச்சை மாற்றிவிட்டாள்.

அந்தப் பாஸ்வேர்டுக்கு இன்று கடைசி நாள்.

சிங்கப்பூரில், செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி அது. அதன் டேட்டாபேஸைக் கவனித்த மூவரும் இத்தனை காலமும் ஒரே பொதுக் கணக்கில்தான் நுழைந்தார்கள். இனி ஆளுக்கொரு கணக்கு; அவற்றைத் திறப்பது மதலேனாவின் பொறுப்பு. யார் எதைத் தொடலாம் என்று மேலாளர் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

மதலேனாவுக்கு முழு அனுமதி. ரஷீதாவுக்கு முழு அனுமதி. ஆம்ப்ரோஸுக்குப் பார்க்க மட்டும்.

பார்க்க மட்டும் முடிந்தவருக்குக் கணினி அறையில் என்ன வேலை? அடுத்த மாதமே சாமான் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர் பெயருக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், ‘1981’ என்று மட்டும் இருந்தது.

அது போதும். அந்த வருடம் இரண்டாயிரம் தொழிலாளர்களின் பதிவுகள் ஒரே கட்டளையில் அழிந்துபோயின. கணினி பொதுக் கணக்கின் பெயரைத்தான் காட்டியது. யார் செய்தது என்று மேலாளர் கேட்டு முடிப்பதற்குள் ஆம்ப்ரோஸ் கையைத் தூக்கிவிட்டார். மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தார். பிறகு ஒரு நாள்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவர் தலையை நீட்டினார்.

“என் பாஸ்வேர்டை லேசான வார்த்தையா வைம்மா. வயசாச்சு லா, கஷ்டமா வச்சா உன்னையேதான் வந்து கேட்பேன்.”

“சரிண்ணே, நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

ரஷீதாவும் கூடவே போனாள்.

மதலேனா படிவத்தை இழுத்து முன்னால் வைத்தாள். கண் எரிந்தது. இன்றைக்கு மட்டும் வந்த அசதி இல்லை அது.

பேனாவை எடுத்தாள். ஆம்ப்ரோஸ் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்து, ‘முழு அனுமதி’ என்று எழுதினாள். தன் பெயருக்கு எதிரே ‘பார்க்க மட்டும்’.

தன் வரிசையில், காரணம் என்ற கட்டம் சிறியது. எழுத்தைக் குறுக்கி எழுதினாள்.

‘1981இல் அந்தக் கட்டளையை அடித்தவள் நான். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம். கர்ப்பமாக இருந்தேன். ஆம்ப்ரோஸ் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.’

கையெழுத்துப் போட்டாள். படிவத்தை மேலாளரின் மேசைத் தட்டில் வைத்துவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்தாள்.