ஒருவர் அமரும் கூடாரம்

முன்னறையில் நால்வர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் பெரியவரின் மனைவி, சுவரைப் பார்த்தபடி. எதிர்மூலையில் மருமகள், மாமியாருக்கு முதுகைக் காட்டியபடி. நடுவில் தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டு மகன். அவன் பக்கத்தில் பெரியவர். அவர் முன்னால் நீராவிக் கூடாரத்தின் ஒடிந்த கம்பிகள்.

மனைவியின் முழங்காலுக்கும் மருமகளின் இடுப்புக்குமாக வாங்கிய கூடாரம். உள்ளே உட்கார்ந்து ஜிப்பை இழுத்துவிட்டால், பானையிலிருந்து குழாய் வழியாக ஆவி வரும். மூன்று வாரத்தில் கம்பி ஒடிவது இது மூன்றாம் தடவை.

"முப்பது வருஷம் இரும்பைக் கடைஞ்சவரு, இந்த ஈர்க்குச்சிகிட்ட தோத்துப்போய் உக்காந்திருக்காரு" என்றாள் மனைவி, சுவரிடம்.

"ஏங்க, இன்னிக்காவது உப்பு பாத்துப் போடுங்க" என்றாள் மருமகள், தன் கணவனிடம்.

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படிச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் தொடங்கிய சண்டை; மாமியாரும் மருமகளும் பேசி ஒரு மாதம் ஆகிறது. ஒருத்தி இருக்கும் அடுப்படியில் இன்னொருத்தி கால் வைப்பதில்லை. அதனால் கரண்டி அப்பன், மகன் கைக்கு வந்துவிட்டது.

போதாததற்குக் காலையில் மகன் வேறு காதோடு சொல்லியிருந்தான். "தனியா வீடு பாத்துட்டேன்பா. நாளைக்குச் சாவி வாங்கணும். அவங்க ரெண்டு பேருக்கும் இன்னும் சொல்லல." அப்போதிருந்தே அவருக்குக் கை ஓடவில்லை.

ஒடிந்த இடத்தில் அலுமினியக் குழாய்த் துண்டைச் செருகி இறுக்கினார். இரண்டு பக்கக் கம்பியும் இடுப்பு உயரத்தில், வெளிப்பக்கமாகப் பிதுங்கி ஒடிந்திருந்தன. பானையாவது உழைக்கிறதே என்று ஒரு சமாதானம். ஒரு ஆளுக்கான கோடு வரை காலையில் தண்ணீர் ஊற்றினால், மாமியார், அடுத்து மருமகள் என இருவர் முறையும் முடிந்த பிறகும் மறுபடி ஊற்ற வேண்டியிருந்ததே இல்லை.

பத்து மணிக்குப் பின்னறையில் கூடாரத்தை நிறுத்தினார். மனைவி துண்டோடு உள்ளே போனாள். மருமகள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். மகன் அடுப்படிக்குப் போனான். பெரியவர் கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

'ஐயா, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அமர்ந்தும், தங்கள் கூடாரத்தின் கம்பிகள்…' ஒருவர் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

பின்னறையில் 'படக்'கென்று ஒரு சத்தம்.

பேனாவைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று போனார். மூடிய கதவருகே நின்றார். கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கதவைத் தட்டாமல், காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் திரும்பி வந்து, எழுதியதைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

புதுத் தாளில் நாலே வரி. மடித்து, உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, மகனைக் கூப்பிட்டார்.

"இதைத் தபால்பெட்டியில போட்டுட்டு வாடா."

"மறுபடியும் கம்பியாப்பா? விடுங்க. நாங்க போயிட்டா அம்மா ஒருத்திதானே உக்காரப் போறாங்க, அதுவே தாங்கும்."

"கம்பி கேக்கல. போற வழியில அந்த வீட்டுக்காரர்கிட்ட சாவி வேண்டாம்னு சொல்லிட்டுப் போ."

"வேண்டாமா? அப்ப இதுல என்னதான் எழுதியிருக்கீங்க?"

"ரெண்டு பேர் உக்கார்ற கூடாரம் கேட்டிருக்கேன்."

கடிதத்தோடு வாசல்படி இறங்கியவன் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தான். பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மாவும் உன் பொண்டாட்டியும் உள்ள ஒண்ணா உக்காந்து, நம்ம சமையலைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்கடா!"