எந்தச் சக்கரம்

வாகனப் பரிசோதகர் ஹாலம் எங்கள் காரின் முன்சக்கரத்தருகே குனிந்து, ஒரு நட்டின் மேல் நான் ஒட்டியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தொப்பியை நகத்தால் தட்டிப் பார்த்து, "பிரமாதமா மூடியிருக்கீங்க" என்றார்.

நான் அந்தத் தொப்பியையே வெறித்துப் பார்த்தேன்.

பாராட்டுக்குச் சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். போன தடவை இதே சோதனைக் கூடத்திலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பியதே, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நட்டுகளுக்கும் கையைக் கிழிக்கிற விளிம்புகளுக்கும்தான். தெருவில் போகிறவர் மேல் உரசினால் என்ன ஆவது என்று கேட்டார்கள். நியாயம்தானே.

ஆனால் அன்று என் கணவன் டெரிக் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. பெட்டி பெட்டியாக உதிரிகள் வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே வருஷக்கணக்காகக் கட்டிய கார்; இந்தச் சோதனையில் பாஸானால்தான் ரோட்டில் ஓட்டலாம். "இன்னொரு தடவை தோத்தா அக்கக்காப் பிரிச்சுப் போட்டுடுவேன்" என்றான். சொன்னால் செய்கிற ஆள்.

அதனால் நானும் வேலையில் இறங்கினேன். அவன் நட்டை ஸ்பேனரால் முறுக்குவான். முறுக்கியதற்கு அடையாளமாக அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பான். கோட்டைப் பார்த்த பிறகு நான் பசை தடவித் தொப்பியை மாட்டுவேன். விளிம்புகளுக்கு ரப்பர் பட்டை. இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஹாலம் தட்டிய அந்தச் சத்தத்தில் புதன்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அன்று டெரிக்கின் அக்கா போன் செய்தாள். அவன் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் போனான். அந்த மகராசி என்னைப் பற்றித்தான் ஏதோ ஓதுகிறாள் என்று என் காது முழுக்க அங்கேயே இருந்தது. கை மட்டும் பசையைத் தடவித் தடவி மூடிக்கொண்டே போனது. கொட்டகை ஜன்னல் பக்கத்து முன்சக்கரம். அதில் கடைசி நட்டில் மஞ்சள் இருந்ததா?

இருந்திருக்கும். இல்லாமலா மூடியிருப்பேன்?

பார்த்தேனா? பார்க்கவில்லையே, பாவி!

ஹாலம் கூர்முனை கண்டுபிடிக்கிற பந்தை வண்டியின் உடம்பு முழுக்க உருட்டி முடித்தார். கூரான எதுவும் பந்தில் படவில்லை. "சரி, அடுத்து ஓட்டிப் பாத்துடலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைப் பிடித்திருக்கிற நட்டு அது. கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். இந்த மனுஷர் வேகமாகப் போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கப் போகிறார். வீட்டில் இவரை எதிர்பார்த்துக்கொண்டு யார் யார் இருக்கிறார்களோ.

வாயைத் திறந்தால் டெரிக் என்னைக் கொன்றே போடுவான். திறக்காவிட்டால்?

"நில்லுங்க!" கத்தியேவிட்டேன்.

"என்னடி ஆச்சு உனக்கு?" டெரிக் பல்லைக் கடித்தான்.

சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. ஜன்னல் பக்கம் என்றால் இடது சக்கரம் என்றான். பேனாக்கத்தியால் தொப்பியை அறுத்து எடுத்தான்.

உள்ளே மஞ்சள் கோடு அழகாக இருந்தது. ஸ்பேனர் போட்டுப் பார்த்தான். இம்மிகூட அசையவில்லை.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஹாலம் நல்ல மனுஷர். "வேற தொப்பி இருந்தா மாட்டிடுங்க, நான் பாக்கல" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாட்டினோம். அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டி, உறுமிக்கொண்டு கிளம்பினார்.

டெரிக்குக்கு உயிர் வந்துவிட்டது. உடனே வாயும் வந்துவிட்டது.

"அக்கா பேசுறத ஒட்டுக் கேக்கணும்னு அந்த இண்டு இடுக்குலயா போய் உக்காந்திருந்த? வண்டி அன்னைக்குச் சுவரைப் பாத்துல்ல நின்னுச்சு, முன்சக்கரத்துக்கிட்ட எலிகூட நுழைய..."

சிரிப்பு பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைதான், ட்ரெய்லரில் ஏற்ற வாகாக இருக்கட்டும் என்று இரண்டு பேரும் தள்ளி வண்டியை வாசல் பக்கம் திருப்பினோம். அப்படியானால் புதன்கிழமை ஜன்னல் பக்கம் இருந்தது இடது சக்கரம் இல்லை, வலது.

இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டு ஓடினோம். அந்த உறுமலில் எங்கள் கத்தல் எங்கே கேட்கும்? கூடத்துக்கு வெளியே இருந்த மைதானத்தின் கோடிவரை வேகம் பிடித்துப் போய், ஹாலம் பிரேக்கை மிதித்தார். டயர் கிறீச்சிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கார் மெதுவாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. முழுசாக.

ஹாலம் இறங்கி வந்து கையை நீட்டினார். "பாஸ்! வாழ்த்துகள்."

டெரிக் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. வலது சக்கரத்தருகே மண்டியிட்டு, கத்தியைக்கூட எடுக்காமல் தொப்பியை விரல்களால் பற்றினான். சும்மா ஒரு திருகுதான் திருகினான். வந்துவிட்டது.

ஹாலம் விழுந்து விழுந்து சிரித்தார். "பாஸானதும் எல்லாரும் இதப் பிடுங்கித்தான் போடுவீங்க, எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா?"

டெரிக் எழுந்தான். உள்ளங்கையை அவர் முன் நீட்டினான்.

ஹாலம் சிரித்தபடியே குனிந்து பார்த்தார். தொப்பிக்குள் நட்டும் இருந்தது.