ஒரு வாளித் தெளிநீர்

கமண்டல நாகநதியின் காய்ந்த மணலில் தோண்டிய குழிக்குள் ஸ்வர்ணலதாவின் கை கிண்ணத்தோடு இறங்குகிறது. அடியில் கசியும் நீரைக் கலங்காமல் மொண்டு வாளியில் ஊற்றுகிறாள். கரையில் அவள் கணவன் ஜெயக்குமார், சாயம் தோய்த்த பட்டு நூல்கழிகளோடு அலசக் காத்திருக்கிறான். ஆரணியின் மேல் ஒரு மேகம்கூட இல்லை. அவன் போன் அடிக்கிறது. கேட்டதும் முகம் மாறுகிறது. "லதா, மலையில மழையாம்! மேல சந்தவாசல்ல அப்பவே வெள்ளம் போயிடுச்சாம்! ஜல்தியா ஏறு!" "இங்க தூறல்கூட இல்லீங்களே" என்று நிமிர்கிறவளின் காதில், லாரிகள் வரிசையாக வருவதுபோல ஓர் இரைச்சல். "வாளிய வுட்டுட்டு வா!" அவள் விடவில்லை. கிண்ணம் மிதக்கும் வாளியை இரு கைகளாலும் அணைத்தபடி, தளும்பாமல் கரையேறுகிறாள். பின்னால் குழி மூழ்குகிறது. முட்செடிகளையும் செருப்புகளையும் உருட்டிக்கொண்டு, செம்மண் குழம்பாக ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. பாலத்தில் கூட்டம் கூடிச் செல்போனில் படம் பிடிக்கிறது. அந்தச் சேற்று நீரில் பட்டு நூலை நனைக்க முடியாது. ஸ்வர்ணலதா ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வாளியில் மொண்டு, அவன் பிடித்திருக்கும் கழிமேல் கிண்ணத்தைச் சாய்க்கிறாள். மஞ்சள் கழியிலிருந்து சாயம் சொட்டுகிறது. வெள்ளத்தின் சத்தத்தை மீறி ஜெயக்குமார் கத்துகிறான்: "கொஞ்சமா ஊத்து லதா, இவ்ளோதான் தண்ணி இருக்குது!"