மஞ்சள் வாளி வழக்கு

“கையெழுத்துப் போடு ஹார்லன். நாலு மணிக்குள்ள தபால்ல சேர்க்கணும்.”

டுவேன் ஒரு கத்தைக் காகிதத்தை டிராக்டர் பானெட்டின் மேல் வைத்தார்.

“என்னய்யா இது?”

“மஞ்சள் வாளி வழக்கு. ஜெயிச்சாச்சு!”

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அந்த மஞ்சள் வாளி இல்லாத கொட்டகை அபூர்வம். டிராக்டருக்கு ஊற்றும் ஹைட்ராலிக் ஆயில், விலை மலிவு. ‘எல்லா டிராக்டருக்கும் ஏற்றது’ என்று வாளியில் கொட்டை எழுத்து. உள்ளே இருந்ததோ ஒன்றுக்கும் உதவாத கலவை. பல பேருடைய டிராக்டரில் பம்பைத் தின்று தீர்த்தது. விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து வழக்குப் போட, கம்பெனி இறங்கி வந்து நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது.

“அயோக்கியப் பசங்க!” டுவேன் பொரிந்தார். “உள்ள இருக்கறது குப்பைன்னு தெரியும். தெரிஞ்சே நல்ல சரக்குன்னு நம்ம தலையில கட்டியிருக்கானுங்க. ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சர்ச்சுக்குப் போவானுங்களோ!”

ஹார்லன் சிரித்தார். முப்பது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் டுவேன். கோபம் வந்துவிட்டால் பாதிரியாரே அவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

“சரி, இதுல நான் எங்க வந்தேன்?”

“ரசீதைத் தொலைச்சுட்டேன். பக்கத்துப் பண்ணைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதுமாம். வாளி விலையாவது திரும்பி வரும். எந்த டிராக்டர்ல ஊத்தினோம்னு நம்பரும் வேணும். இதோ, இந்த மகராசிதான்!”

ஹார்லனின் டிராக்டரைத் தட்டிக் கொடுத்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் டுவேனிடமிருந்து வாங்கியது அது. பத்திரம், காகிதம் எதுவும் கிடையாது. அந்த ஊரில் கை குலுக்கினால் முடிந்தது. “குழந்தை மாதிரி பாத்துக்கிட்டேன், ஒரு குறை கிடையாது” என்று சொல்லித்தான் டுவேன் சாவியைக் கொடுத்தார்.

ஒரே மாதத்தில் பம்பு போயிற்று. அன்றைக்கு அதை ஓட்டியவன் ஹார்லனின் மகன் ட்ராவிஸ்.

ஹார்லன் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. “நான் ஒண்ணுமே பண்ணலப்பா” என்று அவன் சொல்லிப் பார்த்தான். இவர் காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு ஒமாஹா நகரத்துக்குப் போனவன், கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறான். அவன் குரலைக் கேட்க ஹார்லனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தப்புச் செய்தவன்தானே முதலில் பேச வேண்டும்?

“டுவேன்… ஒருவேளை இந்த எண்ணெயாலதான் பம்பு போயிருக்குமோ? ட்ராவிஸ் மேல தப்பே இல்லையோ?”

“சேச்சே! என்கிட்ட இருந்தவரைக்கும் கிண்ணுனு ஓடுச்சு. உன் பையன் ஓட்டின லட்சணம் அப்படி. அன்னிக்கே காபிக் கடையில எல்லார் முன்னாடியும் சொன்னேனே, ஞாபகம் இல்ல?”

ஹார்லன் பெருமூச்சு விட்டார். அதை மறப்பாரா?

“கடைசிப் பக்கத்துல போட்டாப் போதும். மத்ததெல்லாம் வெறும் சட்டக் குப்பை” என்று சொல்லிவிட்டு, டுவேன் நம்பர் தகட்டைத் தேடி டிராக்டருக்கு அடியில் புகுந்தார்.

ஹார்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். காற்றில் காகிதங்கள் பிரிந்தன. பிடித்து அடுக்கும்போது நடுப்பக்கம் கண்ணில் பட்டது. மேலே தடித்த எழுத்தில் எச்சரிக்கை: இது சத்தியப் பிரமாணம், பொய் எழுதினால் சிறை. அதற்குக் கீழே டுவேனின் கோழிக் கிறுக்கல்.

வாளிகள்: ஒன்பது.

சேதம்: ஹைட்ராலிக் பம்பு.

சேதம் தெரியவந்த நாள்: மார்ச் 12.

எடுத்த நடவடிக்கை: கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்கினேன்.

ஹார்லன் வருடத்தை இன்னொரு முறை பார்த்தார். டிராக்டரை வாங்கிய அதே வருடம்தான். அவர் டுவேனோடு கை குலுக்கியது ஈஸ்டர் முடிந்த பிறகு, ஏப்ரலில். ட்ராவிஸ் அந்த டிராக்டரில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்ததே மே மாதம்.

முப்பது வருட நண்பனிடம் சொல்லாததை, சிறைக்குப் பயந்து முன்பின் தெரியாத வக்கீலிடம் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

“என்னப்பா, போட்டியா இல்லையா?” அடியிலிருந்து குரல் வந்தது.

ஹார்லன் போட்டார்.

டுவேன் வெளியே வந்து முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, காகிதங்களுக்காகக் கையை நீட்டினார். ஹார்லன் கொடுக்கவில்லை.

“நானும் வரேன். தபால்ல சேர்க்கறதுக்கு முன்னாடி லைப்ரரியில வண்டியை நிறுத்து. இதை ஒரு நகல் எடுக்கணும்.”

“உனக்கு எதுக்குய்யா நகல்?”

“ட்ராவிஸுக்கு அனுப்பத்தான். மன்னிச்சிடுடான்னு நான் எழுதற கடுதாசியோட, நீ சத்தியம் பண்ணி எழுதின மார்ச் பன்னெண்டும் சேர்ந்து போகட்டும்.”