417ஆம் எண் மின்னல் தடுப்பான்

இடியையும் மின்னலையும் அடக்கி ஆண்ட ஒரே மனிதர் என்று மின்துறை விழாவில் பாராட்டுப் பெற்றவர் நம் செயற்பொறியாளர். நேற்று மாலை விழுந்த மின்னலில் அவருடைய அலுவலக வாசல் டிரான்ஸ்பார்மரே கருகிவிட்டது. மின்விசிறி ஓடாத அறையில் வியர்த்து வழிந்தபடி, எதிரே நின்ற லைன்மேனின் சஸ்பென்ஷன் ஆர்டரை எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் காற்றில் தாள் பறக்காமலிருக்க, விழாவில் வாங்கிய நினைவுப் பரிசை அதன்மேல் வைத்திருந்தார்.

"மூணு லைனுக்கு மூணு மின்னல் அரெஸ்டர். ரெண்டுதான் இருக்கு. 417ஆம் நம்பர் எங்கேய்யா?"

"நான்தான் கழட்டினேன் சார்."

"எந்தக் காயலான் கடையில போட்டே?"

"விக்கலை சார். போன மாசம் தலைமை ஆபீஸ்ல அவசரமா ஒண்ணு கேட்டாங்க. ஸ்டோர்ல இல்லை."

"அதுக்காக ஓடுற லைன்ல கை வைப்பியா?"

"நீங்கதான் சார் போன்ல, 'எங்கேருந்தாவது கொடுத்துத் தொலைய்யா, என் மானம் போகுது'ன்னீங்க."

பொறியாளருக்குக் கோபம் வரவில்லை. பேனா மட்டும் நின்றது.

"அவங்களுக்கு எதுக்காம்?"

"விழாவுக்கு சார். பாலிஷ் போட்டு, மரக்கட்டையில நிக்க வெச்சுக் கொடுக்கறதுக்கு."

பொறியாளர் நினைவுப் பரிசை மெல்லத் தூக்கினார். ஆர்டர் ஜன்னல் வழியே பறந்தது. இருவரும் அதைப் பிடிக்கவில்லை.

'மின்னல் பாதுகாப்பில் முதலிடம்' என்ற பித்தளைத் தகட்டுக்கு மேலே, அந்த அரெஸ்டரிலேயே பொறித்திருந்த எண் 417.